அமுக்கி எடுத்த பாட்டு

கம்பெனி வேன் பெருமாநல்லூர் ரோட்டில் திரும்பியதும் பின் சீட்டுச் சித்ரா செல்போனில் பாட்டைப் போட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண். கையில் வைத்திருந்தது சைனா செட். பார்க்க சோப்பு டப்பா அளவுதான், போட்டால் கோயில் திருவிழா.

"தூங்காத ஊருல நீ மட்டும் தூங்கு" என்று ஒரு பெண்குரல் கிளம்பியது.

வேனுக்குள் அதுவரை சம்பளப் பிடித்தம், மாமியார், குழம்பு என்று ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றது. இரண்டு பெண்கள் கூடவே முணுமுணுத்தார்கள். முன் சீட்டில் இருந்த ஒடிசாப் பையன்கள்கூடத் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

என் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த ரோஸ்லின் திரும்பினாள். "ஏ பிள்ள, இந்தப் பாட்டு நான் பாடுனதுல்லா" என்றாள்.

சித்ரா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "போங்கக்கா, வெளையாடாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ரோஸ்லின் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் அதைச் சொன்னது இரண்டாவது முறை. காலையில் சொன்னபோது அவள் பிழைப்பே அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் நம்பவில்லை.

நான் ரோஸ்லின் தைக்கிற லைனுக்குச் சூப்பர்வைசர். வேனில் இருந்த மற்றவர்கள் வேறு ஷெட்காரர்கள், அவள் பாடிக் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாடியது ரோஸ்லின்தான் என்று எனக்குத் தெரியும். பாடும்போது பக்கத்தில் நின்றவளே நான்தான். ஆனாலும் வாயைத் திறக்கப் போனபோது ஒரு தயக்கம் வந்தது. போனில் பாடுகிறவளும் பக்கத்தில் இருமிக்கொண்டிருக்கிறவளும் ஒரே ஆள்தானா?

இந்தத் தொடரில் எத்தனையோ விஷயங்களை எல்லாம் தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன். போன வாரம் நிட்டிங் ஊசியைப் பற்றி நான் அளந்ததைப் படித்துவிட்டு, "நீங்கள் இன்ஜினியரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த வாரம் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். எனக்கு இன்னும் புரியாத விஷயத்தைத்தான் எழுதுகிறேன்.

கரண்ட் போன மத்தியானம்

ரோஸ்லின் உடன்குடிப் பக்கத்துப் பெண். ஓவர்லாக் டெய்லர். கணவர் இறந்தபின் மகளை அக்காவிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்தவள். கை வேகம். அவளை எந்த லைனில் உட்கார வைத்தாலும் அந்த லைன் முந்திவிடும்.

ஆனால் பஞ்சுத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓவர்லாக் மெஷினில் கத்தி துணியின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகும். அந்தத் தூசி முழுக்கத் தைப்பவர் மூக்குக்குத்தான். எல்லாரும் துணி கட்டிக்கொண்டுதான் தைத்தோம். இவளுக்கு மட்டும் மூச்சில் ஒரு இழுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் "இந்த வேலையை விட்டுடுங்க" என்று சுலபமாகச் சொல்லி அனுப்பினார். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

பாட்டு மட்டும் அவளிடம் தாராளமாக இருந்தது. தைத்துக்கொண்டே பாடுவாள். மகளுக்கென்று அவளே கட்டிய தாலாட்டு ஒன்று உண்டு. ராத்திரி ஷிஃப்டும் அணையாத விளக்குமாக இருக்கிற இந்த ஊரை வைத்து, ஊரே விழித்திருக்கிறது, நீயாவது தூங்கு என்று போகும். அவள் ராகத்தை எப்படிப் பிடித்தாளோ, கேட்கிறவள் தையலை நிறுத்திவிடுவாள். அதட்ட வேண்டிய நானே மறந்து நின்றிருக்கிறேன்.

பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறாள், அந்தப் பாட்டை எதிலாவது பிடித்து அனுப்ப முடியுமா என்று என்னிடம் கேட்டாள். நான் எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் அதே கம்பெனியில் பின் ஷெட்டில் காம்பேக்டிங் மெஷின் ஓட்டினார். கம்ப்யூட்டர் மேல் அவருக்கு ஒரு மோகம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிஸ்பேட்ச் ரூம் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். சோற்று டப்பாவை நான் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"மெஷின் சத்தத்துல ஆகாது. கரண்ட் போகட்டும்" என்றார்.

அந்தக் காலத்தில் கரண்ட் போவதற்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் போனால் ஜெனரேட்டர் போட மாட்டார்கள். கம்ப்யூட்டர் மட்டும் யு.பி.எஸ்ஸில் ஓடும். ஒருநாள் அப்படிப் போனதும் மூவரும் டிஸ்பேட்ச் ரூமுக்கு ஓடினோம். ஃபேன் நின்று போய் வேர்வை ஊற்றியது. அட்டைப்பெட்டிகளுக்கும் பிளாஸ்டிக் டேப் வாசனைக்கும் நடுவில் நின்று, கம்ப்யூட்டரோடு வந்த சின்ன மைக்கைப் பிடித்துக்கொண்டு ரோஸ்லின் பாடினாள்.

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்டது. அந்த இழுப்போடு சேர்த்துத்தான் அந்தப் பாட்டு. பாடி முடித்ததும் எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேர்வை என்றார்.

அமுக்கினால் எங்கே போகும்?

பாட்டு கம்ப்யூட்டரில் பிடித்துவைத்த அளவிலேயே இருந்தால் மகா பெரியது. அதை ஈமெயிலில் அனுப்ப முடியாது, ரோஸ்லினின் அக்கா போனிலும் ஏறாது. அதனால் எம்.பி.3 ஆக்கி, அமுக்கிச் சின்னதாக்க வேண்டும். அதற்கு ஒரு சாஃப்ட்வேரை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருந்தார்.

"அமுக்குனா பாட்டு கெட்டுப் போகாதுங்களா?" என்று கேட்டேன்.

"நான் தினமும் பண்ற வேலை என்ன புள்ள? காம்பேக்டிங்தான? துணி கெட்டா போகுது?"

இதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். சாயம் போட்டுக் காய்ந்து வருகிற பனியன் துணி இழுபட்டு நீண்டிருக்கும். அப்படியே தைத்தால் முதல் துவையலிலேயே சுருங்கி, பெரியவர் பனியன் பேரனுக்குத்தான் ஆகும். காம்பேக்டிங் மெஷினில் ஆவி காட்டி, துணியை நீளவாக்கில் நெருக்கி அமுக்குவார்கள். மீட்டர் குறையும், அதே அளவுக்குக் கனம் கூடும். ஒரு நூல்கூட வெளியே போகாது. பிடித்து இழுத்தால் பழைய நீளத்துக்கே வரும்.

எங்கள் வீட்டுக்காரர் பாட்டையும் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அவர் நிரூபித்தும் காட்டினார். சின்னதாக்கிய பாட்டை அதே சாஃப்ட்வேரில் மறுபடி பழைய வகைக்கு மாற்றினார். பைல் பழைய அளவுக்கே பெரிதாகி நின்றது.

"பாத்தியா? இழுத்தா வந்துருச்சு. உள்ளயேதான் இருந்துருக்குது" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

வந்துவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். ஸ்க்ரீனில் எம்.பி. அத்தனை காட்டும்போது யார் சந்தேகப்படுவார்கள்? எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம் என்று ஆனபின் முதலில் பிடித்ததை எதற்கு வைத்திருப்பது? கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டது என்று முதலாளி வேறு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அதை அழித்தாயிற்று.

முதல் தடவை அமுக்கியது அக்கா போனில் ஏறவில்லை. இழுத்து, இன்னும் சின்னதாக அமுக்கினார். அனுப்பினோம். பிள்ளை கேட்டுக்கொண்டே தூங்குகிறாள் என்று செய்தி வந்தது. ரோஸ்லின் எனக்கு ஒரு டப்பா நிறைய ஓலைக் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். கட்டிங் செக்‌ஷன் பெண் ஒருத்தி தனக்கும் அந்தப் பாட்டு வேண்டும் என்றாள். அவள் போனுக்கு மறுபடி இழுத்து மறுபடி அமுக்கினார். பேக்கிங்கில் ஒருத்திக்கு ரிங்டோன் வேண்டும். அதற்கு இன்னும் இறுக்கமாக. ஒவ்வொரு தடவையும் அமுக்கியதையே இழுத்து, இழுத்ததையே அமுக்கி எத்தனை தடவை ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. அதற்குப் பின் எங்கள் கை தேவைப்படவில்லை. புளூடூத்தில் போனுக்குப் போன் தாவியது. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பெண்கள் போனை ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் பாட்டு ஏறுகிறது என்று அர்த்தம்.

மங்கலத்துக் காது

ஒரு நாள் பல்லடம் ரோட்டில் செல்வம் என்பவர் கடைக்கு ரீசார்ஜ் செய்யப் போனேன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதும் அவர் தொழில். கடையில் ஓடிக்கொண்டிருந்தது ரோஸ்லின் பாட்டு.

"இது ஆருங்க பாடுனது?"

"தெரியலீங்க்கா. செம ஓட்டம். கார்டு வாங்கற பத்துப் பேருல பாதிப் பேரு கேக்கறாங்க."

கம்ப்யூட்டரில் அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'அம்மா சோகம் புதுசு'. யார் பெயரும் இல்லை. ஆனால் என்னைக் கலக்கியது அது இல்லை. குரல் என்னவோ மாதிரி இருந்தது. ரோஸ்லினுடையதுதான், ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறது. சின்னப் பெண் குரல் போல மழுங்கி, வழவழவென்று. 'ச' எல்லாம் கரைந்துவிட்டது. இன்னும் ஏதோ குறைந்தது, என்னவென்று பிடிபடவில்லை.

அமுக்கினால் இப்படி ஆகுமா என்று செல்வத்தைக் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"காது எல்லாத்தையும் கேக்கறதில்லீங்க்கா. பெரிய சத்தம் ஒண்ணு இருந்தா, பக்கத்துல இருக்கற சின்னச் சத்தம் காதுக்குத் தெரியாது. அந்தச் சின்னதைக் கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுரும். அதனாலதான் பைல் சின்னதாகுது."

"தூக்கிப் போட்டது எங்க போகுதுங்க?"

"எங்கயும் போறதில்லீங்க. இல்லாமயே போயிருது."

"திரும்ப இழுத்தா வருமில்லீங்க?"

"எப்படீங்க்கா வரும்? அளவு வேணா பெருசாகும். உள்ள சும்மா காலி. அதையே மறுபடி மறுபடி அமுக்குனா காதுக்குத் தெரியறதையும் சேத்துத் தூக்கிரும்."

"ஆரு காதுக்குத் தெரியாதுன்னு முடிவு பண்றாங்க?"

"மனுசக் காதுக்குங்க."

"எந்த மனுசன்?"

"அக்கா, ரீசார்ஜ் எவ்வளவுக்குப் போடட்டுங்க?" என்றார் செல்வம்.

நான் வம்புக்குக் கேட்கவில்லை. நான் பிறந்தது மங்கலத்தில், விசைத்தறி ஓடுகிற வீட்டில். தறிச் சத்தத்தில்தான் தொட்டில் ஆடியது. கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் பயந்து விழித்து அழுவேனாம். எங்கள் அப்பாவைப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆனால் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் கடைசித் தறியில் ஒரு இழை அறுந்தால் எழுந்துவிடுவார். பெரிய சத்தத்துக்குள் சின்னச் சத்தம் தெரியாது என்று கணக்குப் போட்டவர் யாரானாலும் மங்கலத்துக்கு வந்திருக்க மாட்டார்.

அன்று சாயந்திரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அளவு அப்படியே இருக்குது, உள்ள எப்படிக் காலியாகும்?" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். எனக்கும் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அவிநாசிக்காரர் வந்த காலை

சில வாரம் கழித்து ஒரு காலையில் கம்பெனி கேட்டில் ஒருவர் வந்து நின்றார். தங்கவேல் என்று பெயர். அவிநாசிக்காரர். கோயில் விசேஷங்களுக்கும் கல்யாணங்களுக்கும் இன்னிசைக் கச்சேரி நடத்துகிறவர். பூண்டியில் சிலை செதுக்குகிற பட்டறை ஒன்றில் இந்தப் பாட்டைக் கேட்டாராம். உளிச் சத்தத்துக்கு நடுவிலும் தன்னை நிற்க வைத்துவிட்டது என்றார். போன் போனாக விசாரித்து எங்கள் கம்பெனியைப் பிடித்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணு எங்க குழுவுக்கு வேணுமுங்க. மாசச் சம்பளமாவே போட்டுக் குடுத்தர்றேன்" என்றார்.

ரோஸ்லினைக் கூப்பிட்டுவர நானே ஓடினேன். தூசியை விட்டு வெளியே வரலாம், அவிநாசியில் ஒரு வீடு பிடித்து மகளைக் கூட்டி வந்துவிடலாம். மெஷினிலிருந்து கேட்டுக்கு நடக்கிற தூரத்துக்குள் அவள் அத்தனையும் பேசி முடித்துவிட்டாள். முகத்தில் கட்டிய துணியை அவிழ்க்கக்கூட மறந்து போனாள்.

அவர் முன்னால் வந்ததும் துணியை இறக்கிவிட்டுப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். நான் கேட்டதிலேயே அன்றுதான் நன்றாகப் பாடினாள் என்பேன்.

தங்கவேல் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு போனை எடுத்து அதிலிருந்த பாட்டைக் கொஞ்சம் ஓடவிட்டார். மறுபடி அவளைப் பாடச் சொன்னார். அவர் முகம் வாடிப்போனது எனக்குத் தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் நல்ல குரல்தானுங்க. ஆனா இது நீங்க இல்லீங்க."

"நாந்தான் ஐயா பாடினேன். எம் பிள்ளைக்குப் பாடினது."

"இந்தப் பொண்ணு மூச்சு விடறதே தெரியலீங்களே. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டுப் பாத்துட்டேன். உங்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் இழுக்குது. மைக்குல அது இன்னும் பெருசா வருமுங்க."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது, செல்வம் கடையில் குறைந்தது எதுவென்று. ரோஸ்லினின் மூச்சு. கம்ப்யூட்டர் அதைச் சின்னச் சத்தம், காதுக்கு வேண்டாதது என்று தூக்கிப் போட்டிருக்கிறது. இரண்டு வருஷமாகச் சேர்ந்த பஞ்சைச் சில மத்தியானங்களில் அவள் நெஞ்சிலிருந்து எடுத்துவிட்டது, பாட்டில் மட்டும்.

வீட்டுக்காரரை வரவழைத்தோம். அவர் ஓடிப்போய், இழுத்துப் பெரிதாக்கி வைத்திருந்த பைலைக் கொண்டுவந்து போட்டார். அத்தனை பெரிய பைலில் அதே வழவழப்புதான் வந்தது. மூச்சு இல்லை. அவர் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது காம்பேக்டிங் இல்ல மல்லிகா, கட்டிங்" என்றார். கட்டிங்கில் விழுந்த துண்டுத் துணி மறுபடி துணியோடு சேராது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் அவர் விடவில்லை. "ஐயா, ஒரு அரை மணி நேரம் இருங்க. இந்தப் பொண்ணை இப்பப் பாடச்சொல்லி, அதே மாதிரி அமுக்கி அமுக்கிக் காட்டறேன். இந்தக் குரல் வந்துருமுங்க" என்றார்.

தங்கவேல் இருக்கச் சம்மதித்தார். ரோஸ்லின்தான் சம்மதிக்கவில்லை.

"வேண்டாம்ணே. கெடுத்துக் காட்டித்தான் நான் நானுன்னு சொல்லணுமா? அப்படியே நம்புனாலும் மேடையில நாந்தான பாடணும்? அங்க எவ வந்து அமுக்குவா?"

தங்கவேல் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். "அந்தப் பொண்ணு தெரிஞ்சா சொல்லுங்க" என்று என்னிடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. காதில் கேட்டதை நம்பினார். நான் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அன்று லைனில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். ரோஸ்லின் துணியைக் கட்டிக்கொண்டு ஓவர்லாக்கில் போய் உட்கார்ந்தாள். அன்றும் அவள் லைன்தான் முந்தியது.

மறுபடி வேனில்

அந்தச் சாயந்திரம்தான் சித்ரா பாட்டைப் போட்டதும், ரோஸ்லின் அது தன் பாட்டு என்றதும், எல்லாரும் சிரித்ததும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ரோஸ்லின் பாடுனதுதான். நான் பக்கத்துல நின்னேன்" என்றேன்.

சூப்பர்வைசர் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும், நம்பிக்கை வந்துவிடாது. சித்ரா மரியாதையாகவே கேட்டாள். "அப்ப ஒருக்காப் பாடுங்கக்கா, கேக்கலாம்."

காலையில் அத்தனை பட்டபின் அவள் பாட மாட்டாள் என்று நினைத்தேன். பாடினாள். வேன் இரைச்சலுக்கு மேல் குரலைத் தூக்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து முழுப் பாட்டையும் பாடினாள். டிரைவர் ஹாரன் அடிக்காமல் ஓட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முடிந்ததும் சித்ரா போனையும் ரோஸ்லினையும் மாறி மாறிப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"நல்லாத்தான் பாடறீங்கக்கா. ராகமெல்லாம் அப்படியே வருது. ஆனா அந்தக்கா மாதிரி வரலீங்க."

நான் அவளைத் திட்டப் போனேன். ரோஸ்லின் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சித்ராவிடம் போனை வாங்கினாள். அதில் தொங்கிய இயர்போனை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். தான் பாடுகிற பாட்டைப் போனில் எதற்குக் கேட்பது என்று இருந்தவள், அதைச் சரியாகக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. காலையில் கேட்டில் நின்ற பதற்றத்தில் அவள் எதைக் கேட்டிருப்பாள்?

பாதிப் பாட்டில் அவள் உதடு கூடவே அசைந்தது. ஓரிடத்தில் மூச்சு வாங்கப் போனவள், காதில் அந்தக் குரல் நிற்காமல் போவதைக் கேட்டு, வாங்காமல் நிறுத்திக்கொண்டாள். கூடவே போய்ப் பார்த்தாள். அடுத்த அடிக்குள் இருமல் வந்துவிட்டது.

இருமி முடித்து, இயர்போனைக் கழற்றிச் சுருட்டி, போனைச் சித்ராவிடம் கொடுத்தாள்.

"நீ சொல்லுதது சரிதான் பிள்ள" என்றாள். "இவ நல்லாப் பாடுதா."